அமெரிக்க அணுகுண்டுச் சோதனைகள்: 1,030-ஆ, 1,054-ஆ, 1,149-ஆ?

கேள்வி:
ஒரு கட்டுரைக்காகத் தேடினால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். 1980களில் வந்த புத்தகங்களில் இந்த மூன்றையும் விடக் குறைவு. எதைப் போடுவது? அணுகுண்டுக் கையிருப்புக் கணக்கும் இதே லட்சணம்தான். மூல ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்குமா?

பதில் 1:
மூன்றும் சரி, நண்பரே. எண்ணப்படுவதுதான் வேறு. அமெரிக்க எரிசக்தித் துறையின் ‘என்வி-209’ அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். 1945 ஜூலை முதல் 1992 செப்டம்பர் வரை நடந்த சோதனைகள் தேதிவாரியாக இருக்கின்றன. அமெரிக்கா தனியாகச் செய்தவை 1,030. நெவாடாவில் பிரிட்டனுடன் சேர்ந்து செய்த 24-ஐக் கூட்டினால் 1,054. வெடித்த சாதனங்களைத் தனித்தனியாக எண்ணினால் 1,149.

நிலத்தடியில் 2 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள், 0.1 நொடிக்குள் எத்தனை வெடித்தாலும் அது ஒரே சோதனை என்பது அமெரிக்க-சோவியத் சோதனை வரம்பு ஒப்பந்தத்தின் விதி. 1998 பொக்ரானில் மே 11 அன்று மூன்று, 13 அன்று இரண்டு என ஐந்து சாதனங்கள் வெடித்தும் பட்டியல்களில் இரண்டு சோதனை என்று வருவது இதனால்தான்.

ஹிரோஷிமாவும் நாகசாகியும் என்வி-209இல் இல்லை. அவை சோதனை அல்ல என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்கள். பழைய புத்தகங்களின் கணக்கு இடிப்பதற்குக் காரணம், அதுவரை மறைத்த 204 சோதனைகளை 1993 டிசம்பரில்தான் வெளியிட்டார்கள். அதற்கு முன் அச்சான பட்டியலைத் தொடவே வேண்டாம்.

பதில் 2:
கையிருப்புக்கு: 2023 செப்டம்பர் நிலவரப்படி அமெரிக்கா சொன்னது 3,748. ஐயாயிரத்தை ஒட்டி வரும் எண்களில், ஓய்வு கொடுத்துப் பிரிப்பதற்காக வைத்திருப்பவையும் சேர்த்தி. உச்சம் 1967இல் 31,255. எண்ணோடு தேதியையும் போடாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பில்லை. இந்தியா, பாகிஸ்தான் எண்கள் சிப்ரி (ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனம்) ஆண்டு நூலில் வந்தாலும் மதிப்பீடுதான். இரு அரசுகளும் எண்ணிக்கை வெளியிடுவதில்லை. ‘இந்தியாவிடம் இருக்கிறது’ என்று எழுதாமல் ‘சிப்ரி மதிப்பீட்டின்படி’ என்று எழுதுங்கள்.

பதில் 3:
மூல ஆவணங்களுக்கு எரிசக்தித் துறையின் ‘ஓப்பன்நெட்’ தளம். முதல் அணுகுண்டைச் செய்த மன்ஹாட்டன் திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் எழுதவைத்த திட்ட வரலாறு, 36 தொகுதிகள், அங்கே பிடிஎஃப்பாக இருக்கிறது. எல்லாம் தட்டச்சுப் பிரதியின் ஸ்கேன். தேடல் பெட்டியை நம்பினால் ஏமாறுவீர்கள். மங்கிய எழுத்தை ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) தப்பாகப் படித்திருக்கும். பொருளடக்கத்தைப் பிடித்துப் போவதே வேகம்.

அடுத்தது, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ். பெயரைப் பார்த்து அரசு நிறுவனம் என்று எழுதிவிடாதீர்கள், இது தனியார் ஆய்வகம். ஒரே ஆவணத்துக்கு வெவ்வேறு ஆண்டுகளில் வெளியான இரண்டு பிரதிகள் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ரகசியம் என்று கறுப்படித்த வரி இன்னொன்றில் திறந்திருக்கும். எந்தப் பிரதி, எப்போது வெளியானது என்பதை அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும். 25 ஆண்டு ஆனதும் ரகசியம் தானாக நீங்கும் என்ற விதி குண்டு வடிவமைப்புத் தகவலுக்குப் பொருந்தாது. அதனால் 1950களின் தாளிலும் கறுப்புப் பட்டை இருக்கும்.