மல்டி அசெட் ஃபண்டில் 19 சதவீதம் என்கிறார்கள், எனக்கு வருடத்துக்கு 7 கூட இல்லையே?

போர்மேன்_கோவில்பட்டி:

எல்லோருக்கும் வணக்கம். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றேன். பென்ஷனில் மாதம் 10,000 ரூபாய் ஒரு மல்டி அசெட் ஃபண்டில் எஸ்ஐபி, அதாவது மாதத் தவணையாகப் போட்டு வருகிறேன். போன மாதத்தோடு 36 தவணை முடிந்தது. கட்டியது 3,60,000. இன்றைய மதிப்பு 4,32,000.

அடுத்த மாதம் 6 லட்சம் ரூபாய் டெபாசிட் முதிர்கிறது. வங்கியில் ஒரு தம்பி, "இதையும் அதே ஃபண்டில் போடுங்கள் சார், போன வருடம் 19 சதவீதம்" என்று வண்ணத்தாளை நீட்டினார். பங்கு, கடன் பத்திரம், தங்கம் மூன்றும் இருப்பதால் ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும், எஃப்டி மாதிரிதான் என்கிறார். பையனும் சரி என்கிறான்.

என் கணக்கு வேறு மாதிரி வருகிறது. 3 வருடத்தில் 20 சதவீதம் என்றால் வருடத்துக்கு 6.67. என் எஃப்டியே 7 தருகிறது. அப்படியென்றால் 19 என்பது பொய்யா? இன்னொன்று, 2 வருடத்தில் மகள் கல்யாணம் வைத்திருக்கிறேன். 6 லட்சமும் அதற்குத்தான்.

சும்மா_ஒருவன்:

கல்யாணப் பணமா? எஃப்டியைப் புதுப்பித்துவிட்டுத் தூங்குங்கள் சார்.

திருச்சி_டீச்சர்:

மேலே சொன்னவர் முடிவைச் சரியாகவே சொல்லிவிட்டார். ஆனால் சார் கேட்டது கணக்கு. முப்பது வருடம் வணிகவியல் நடத்தியவள், சும்மா விட மனம் வரவில்லை.

உங்கள் 6.67 தவறு. முதல் தவணைதான் 3 வருடம் உள்ளே இருந்தது. கடைசித் தவணை போன மாதம் போனது. சராசரியாக உங்கள் பணம் ஒன்றரை வருடம்தான் வேலை செய்திருக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் தேதி வைத்துப் பார்க்கும் எக்ஸ்ஐஆர்ஆர் கணக்கில் உங்களுக்கு வந்தது வருடத்துக்கு ஏறத்தாழ 12 சதவீதம். எஃப்டியை விடக் கூடுதல்தான்.

அந்தத் தம்பி சொன்ன 19-உம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது ஒரே ஒரு வருடம். அந்த வருடம் எதனால் ஏறியது என்று கேட்டீர்களா? ஃபண்டில் 20 சதவீதம் தங்கம் இருந்து, அது 50 சதவீதம் ஏறினால், அதிலிருந்து மட்டுமே மொத்தத்துக்கு 10 புள்ளி வந்துவிடும். மேனேஜர் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம், தங்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். 2025-ல் தங்கம் ஏறிய ஏற்றம் நமக்குத் தெரியாததா? 2013-ல் இதே தங்கம் டாலர் கணக்கில் ஒரே வருடத்தில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஐந்து வருட லாபம் என்று காட்டினாலும் எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். 2025 மார்ச்சில் அச்சடித்த தாள் 2020 பள்ளத்திலிருந்து ஆரம்பிக்கும். கிணற்றுக்குள் நின்று உயரம் அளந்த மாதிரி.

இப்போது எனக்கு ஒரு உதவி. ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் மாதாந்திர ஃபேக்ட்ஷீட், அதாவது எதில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்ற விவரத்தாள் இருக்கும். அதில் பங்கு எவ்வளவு, அதில் ஹெட்ஜ் செய்தது எவ்வளவு, தங்கம் வெள்ளி எவ்வளவு என்று எழுதுங்கள்.

போர்மேன்_கோவில்பட்டி:

12 என்று கேட்டதும் கொஞ்சம் நிம்மதி அம்மா. பேரன் பதிவிறக்கிக் கொடுத்தான். பங்கு 66. அதில் ஹெட்ஜ்டு என்று 17 தனியாகப் போட்டிருக்கிறது. கடன் பத்திரமும் ரொக்கமும் 14. தங்கம், வெள்ளி 20. ஹெட்ஜ்டு என்றால்?

திருச்சி_டீச்சர்:

அந்த 17-க்கு பங்கைச் சந்தையில் வாங்கி, அதே பங்கை ஃபியூச்சரில், அதாவது பின்தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தத்தில், விற்றுவிடுவார்கள். பங்கு ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை, இடையில் உள்ள விலை வித்தியாசம் மட்டும் கிடைக்கும். குறுகிய கால வட்டி மாதிரிதான் இருக்கும். பிறகு ஏன் அதைப் பங்குக் கணக்கில் சேர்க்கிறார்கள்? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி மல்டி அசெட் ஃபண்டுக்குக் குறைந்தது மூன்று வகைச் சொத்து, ஒவ்வொன்றிலும் 10 சதவீதமாவது இருந்தால் போதும். ஆனால் உள்நாட்டுப் பங்கு சராசரியாக 65-க்குக் குறையாமல் இருந்தால் பங்கு ஃபண்டுக்கான வரி கிடைக்கும்: ஒரு வருடம் தாண்டி விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, மேலே உள்ளதற்கு 12.5 சதவீதம். அதற்காகத்தான் அந்த 66.

ஆக உங்கள் நிஜமான பங்கு 49. இனி ரிஸ்க்கை ரூபாயில் போடுவோம். திட்ட விலக்கம், ஷார்ப் விகிதம் என்று ரிஸ்க்கை அளக்கும் கணக்கெல்லாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் 2020 மார்ச்சில் என் சொந்த ஹைப்ரிட் (கலப்பு) ஃபண்டில் 8 லட்சம் 6 லட்சத்துக்குக் கீழே போனபோது அவற்றில் ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த ஜனவரியில் 12,300-ஐத் தாண்டிய பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. சுமார் 38 சதவீத வீழ்ச்சி.

அதே அடி இன்று விழுந்தால்: 49 பங்கில் 38 சதவீதம், மொத்தத்தில் 18.6. உங்கள் 6 லட்சத்தில் சுமார் 1,11,600 போகும். தங்கம் தாங்கும் என்கிறார் தம்பி; தாங்கலாம். தாங்காமல் தங்கமும் வெள்ளியும் கால் பங்கு சரிந்தால் இன்னொரு 30,000. கையில் மிஞ்சுவது 4,60,000-க்குச் சற்றுக் குறைவு. மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கிற மாதத்தில் இது நடந்தால் என்ன செய்வீர்கள்? இதே கேள்வியைத் தம்பியிடமும் கேளுங்கள், எஃப்டி மாதிரியா என்று.

எஸ்ஐபியை நிறுத்தச் சொல்லவில்லை. அது நீண்ட நாள் பணம், போகட்டும்.

நூல்கடை:

டீச்சரம்மா சொன்னதோடு ஒன்று. வங்கி வழியாக வாங்கியது என்றால் விற்பவருக்குக் கமிஷன் போகும் ரெகுலர் திட்டமாகத்தான் இருக்கும். அதே ஃபண்டை நேரடியாக வாங்கும் டைரக்ட் திட்டத்தில் செலவு விகிதம் எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரு சதவீதம் என்றால் 6 லட்சத்துக்கு வருடம் 6,000.

அப்புறம், நான் எந்தக் கலப்பு ஃபண்டையும் இப்படித்தான் சோதிப்பேன். அதே 36 தேதியில் 5,000 நிஃப்டியை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டிலும், 3,000 குறுகிய காலக் கடன் பத்திரம் வாங்கும் லிக்விட் ஃபண்டிலும், 2,000 பங்கு மாதிரி சந்தையில் வாங்கும் தங்க இடிஎஃபிலும் போட்டிருந்தால் இன்று எவ்வளவு இருக்கும்? அதைவிட உங்கள் 4,32,000 கூடுதலா குறைவா? நெருங்கி வந்தால் மேனேஜருக்குக் கொடுத்த கூலி எதற்கு என்று யோசிக்கலாம். விகிதம் மாறாமல் பார்த்துக்கொள்கிறார், நாம் பயந்து விற்பதைத் தடுக்கிறார் என்றால் அந்தக் கூலி எனக்குச் சம்மதம்தான்.

கல்யாணத்துக்கு நகை எத்தனை பவுன்?

போர்மேன்_கோவில்பட்டி:

பத்து பவுன் என்று பேச்சு. ஆறு வீட்டில் இருக்கிறது.

நூல்கடை:

அப்படியானால் மீதி நான்கு பவுனுக்கு மட்டும் தங்கம் விழுவது உங்களுக்கு ரிஸ்க் இல்லை, ஏறுவதுதான் ரிஸ்க். ஃபண்டில் 20 சதவீதமாக ஒளிந்திருக்கும் தங்கம் அதற்கு உதவாது. எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கு இடிஎஃபோ நாணயமோ தனியாக வாங்குங்கள். மண்டபம், சாப்பாட்டுச் செலவு எஃப்டியில் இருக்கட்டும்.

போர்மேன்_கோவில்பட்டி:

பையனிடம் 4,60,000 என்ற எண்ணை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அப்பா, அந்த வங்கித் தம்பி போன் செய்தால் என்னிடம் கொடுங்கள்" என்றான். எஸ்ஐபி ஓடட்டும். எஃப்டியில் ஒரு பகுதியைப் புதுப்பிக்கிறோம், மீதியில் முதலில் ஒரு பவுன்.