சேலையில் நெசவு இழுபடுகிறது, அவசர உதவி தேவை

பாலக்கோடு மணி:
எங்கள் ஆயாவைக் கணினியில் முப்பரிமாணச் சிலையாகச் செய்கிறேன். முகமும் கையும் நன்றாக வந்துவிட்டன. சேலைக்கு நெசவுப் படத்தை டிஸ்பிளேஸ்மெண்டில் (படத்தின்படி மேற்பரப்பை மேடுபள்ளமாக்கும் முறை) போட்டால் முந்தானையில் கோடுகோடாக இழுபடுகிறது, கொசுவத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை திதி. யாராவது சொல்லுங்கள்.

ஓசூர் ரவி:
எந்த மென்பொருள், பிளெண்டரா, இசட்பிரஷா? யூவி (படம் ஒட்டுவதற்காக மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பது) பிரித்தீர்களா? ஸ்கிரீன்ஷாட் போடுங்கள் தம்பி.

ஊத்தங்கரை கலை:
படத்தின் அளவுதான் காரணம். 4கே படம் போடுங்கள், எனக்கு அப்படித்தான் சரியானது.

சிற்பக்கூடம்:
வாரத்துக்கு ஒருவர் இதையே கேட்கிறீர்கள். யூவி இழுபட்டால் 8கே போட்டாலும் இழுபடும். திரைக்கா, அச்சுக்கா என்பதைக்கூடச் சொல்லவில்லை. திரைக்கு என்றால் நெசவைச் செதுக்கவே வேண்டாம், நார்மல் மேப் (மேடுபள்ளம் இருப்பதுபோல் வெளிச்சத்தில் மட்டும் காட்டும் படம்) போதும். முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

பாலக்கோடு மணி:
பிளெண்டர். ரெசினில் 3டி அச்சு, 15 செ.மீ. உயரம். யூவி ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டேன். மல்டிரெஸ் (நிலை நிலையாக நுணுக்கம் கூட்டும் கருவி) 5ஆம் நிலையில் லேப்டாப் நின்றுவிடுகிறது.

ஓசூர் ரவி:
ஒவ்வொரு நிலைக்கும் முகங்கள், அதாவது உருவத்தை ஆக்கும் சிறு பரப்புகள், நான்கு மடங்காகும். 20,000 முகத்தில் தொடங்கினால் 5ஆம் நிலையில் 2 கோடியைத் தாண்டும், நிற்காமல் என்ன செய்யும்? சேலையை உடம்பிலிருந்து தனியாகப் பிரித்து, அதற்கு மட்டும் மல்டிரெஸ் போடுங்கள்.

பென்னாகரம் செல்வி:
பட்டுச் சேலையாக மாற்றிவிடுங்களேன். பட்டில் நெசவு கண்ணுக்குத் தெரியாது, மடிப்பும் பளபளப்பும்தான் தெரியும். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறதே.

ஊத்தங்கரை கலை:
கூடு விற்ற வீட்டில் யார் பட்டு கட்டினார்கள்? என் பாட்டி புழு வளர்த்தார், கட்டியது பருத்திதான்.

பென்னாகரம் செல்வி:
எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு ஒன்று எடுத்து வைத்திருந்தார்கள். எல்லா வீடும் ஒன்றுபோல இல்லை அக்கா.

ஊத்தங்கரை கலை:
மல்பெரித் தோட்டத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போனார்களா? அதைச் சொல்லுங்கள்.

தறிக்காரர் மகள்:
பட்டுப் பேச்சு இருக்கட்டும். மணி, யூவி பிரித்த பிறகு ரீமெஷ் (உருவத்தின் பரப்புகளைப் புதிதாகக் கட்டுவது) செய்தீர்களா?

பாலக்கோடு மணி:
ஆமாம், முந்தானையை இழுத்துவிட்டு ஒருமுறை செய்தேன். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

தறிக்காரர் மகள்:
அதுதான் விஷயம். ரீமெஷ் செய்தால் பழைய யூவி அப்படியே நிற்காது. சேலை என்பது ஒரே நீளத் துணி. பாவு அதன் நீளத்திலேயே ஓடும், ஊடை குறுக்கே போகும், எத்தனை மடிப்பு விழுந்தாலும் அது மாறாது. அதனால் தட்டையான நீள்சதுரத்தில் யூவி பிரித்துவிட்டு, கிளாத் சிமுலேஷனில் (துணி விழுவதைக் கணினியே கணக்கிடும் வசதி) மடிய விடுங்கள். நெசவு மடிப்போடு சேர்ந்தே திரும்பும். ரீமெஷ் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம், 15 செ.மீ. என்றால் ஆள் உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 0.2 மி.மீ. நூல் 0.02 ஆகிவிடும். அச்சு இயந்திரத்தின் புள்ளியே 0.05 என்றால் நூல் எப்படித் தெரியும்? இழை இடைவெளியை 0.4, ஆழத்தை 0.1 என்று கூட்டி வைத்து, ஒரு சிறு துண்டை முதலில் அச்சடித்துப் பாருங்கள்.

சிற்பக்கூடம்:
இதைத்தான் நான் அடிப்படை என்றேன்.

ஓசூர் ரவி:
அடிப்படை என்றீர்கள், எது என்று சொல்லவில்லையே ஐயா.

பாலக்கோடு மணி:
தட்டைத் துணியிலிருந்து மறுபடி செய்தேன். முந்தானை வந்துவிட்டது, கொசுவம் பாதிதான். சோதனைத் துண்டு அச்சில் இருக்கிறது. நன்றி அக்கா.