கலைஞரின் கனவு இல்லம்: கூட்டுப் பட்டா, ஊராட்சி நிதி குறித்து வழிகாட்டல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். குடிசை வீடுகளில் வாழும் சில குடும்பங்களுக்கு, கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் விண்ணப்பிக்க எங்கள் ஊரில் உதவி வருகிறோம். 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்டும் இலக்குடன் 2024-இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில், 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் ஒதுக்கப்படுகிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை அமைக்க வேண்டும்.

எங்கள் சிக்கல் பட்டாவில் தொடங்குகிறது. சொந்த மனை இருப்பவரே பயன்பெற முடியும் என்பது விதி. ஆனால் பல குடும்பங்களின் மனை, காலமான தாத்தாவின் பெயரிலோ பங்காளிகளின் கூட்டுப் பட்டாவிலோ இருக்கிறது. வெளியூரில் குடியேறிவிட்ட ஒரு பங்காளி கையொப்பமிட மறுத்தால், கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவரின் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடுகிறது. வாரிசுச் சான்றிதழும் மற்ற பங்குதாரர்களின் ஒப்புதல் கடிதமும் இணைத்தால் போதுமா, தனிப் பட்டா பெற்ற பிறகுதான் பரிசீலிப்பார்களா?

இரண்டாவது கேள்வி நிதி தொடர்பானது. தொகை கட்டுமான நிலைகளுக்கேற்பத் தவணைகளாக வருவதால், கையில் முதலில்லாதவர்கள் அடித்தளம் போடவே வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள் (தவணை முறை கண்காணிப்புக்கு அவசியம்தான், மறுக்கவில்லை). இந்த இடைவெளியை நிரப்ப, கிராம ஊராட்சி தன் சொந்த வருவாயிலிருந்து உதவ விதிகளில் இடமுண்டா? எங்கேனும் அவ்வாறு கிராம சபைத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டிருந்தால், தனிநபர் விவரங்களை நீக்கிவிட்டு அதன் நகலைப் பகிர இயலுமா? ஊரக வளர்ச்சித் துறையிலோ வருவாய்த் துறையிலோ பணியாற்றிய அனுபவமுள்ளவர்கள், தொடர்புடைய அரசாணை எண்ணைக் குறிப்பிட்டுப் பதிலளித்தால், அடுத்த கிராம சபையில் ஆதாரத்துடன் பேச எங்களுக்கு உதவியாக இருக்கும்.