ஸ்டிக்கர் பிரிண்டர் மங்கலாக அடித்தால் உடனே சூட்டைக் கூட்டாதீர்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஏற்காடு, காபிப்பொடி – மிளகு பாக்கெட்

எல்லோருக்கும் வணக்கம். நாகலூர் பக்கம் வீட்டிலேயே காபிப்பொடியும் மிளகும் பாக்கெட் போட்டு, கீழே சேலத்தில் சில கடைகளுக்குக் கொடுக்கிறோம். மை ரிப்பன் போட்டு அடிக்கும் 203 டிபிஐ (இஞ்சுக்கு 203 புள்ளி) ஸ்டிக்கர் பிரிண்டர் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் எந்தத் தொல்லையும் தரவில்லை. போன மாதம் ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் மேலிருந்து கீழாக முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தது. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணின் 14 இலக்கங்களில் ஒன்றை அது வெட்டிக்கொண்டு போனது. பார்கோடிலும் ஒரு கோட்டின் மேல் விழுந்தது.

மங்கலாகத்தானே இருக்கிறது என்று நினைத்து டார்க்னெஸை, அதாவது ஹெட்டின் சூட்டை, 8-லிருந்து 12 ஆக்கினேன். கோடு போகவில்லை. 15 வைத்தேன், அதுதான் கடைசி அளவு. வெள்ளைக் கோடு அப்படியே நின்றது, மற்ற எழுத்தெல்லாம் ஊறிப்போய் 8-க்கும் 0-க்கும் வித்தியாசம் தெரியாமல் ஆகிவிட்டது. பார்கோடின் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடை ஸ்கேனர் படிக்கவில்லை என்று இரண்டு பெட்டி சரக்கு மலையேறித் திரும்பி வந்தது. விலை, எடை, தேதி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது சட்ட எடையளவு விதி. அதனால் கடைக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. கைக்குப் போடும் சானிடைசரைத் துணியில் நனைத்து ஹெட்டை, அதாவது சூடாகி எழுத்தை அடிக்கும் பட்டையை, துடைத்தேன். ஓரத்தில் ஒட்டியிருந்த கோந்து வரவில்லை என்று பிளேடின் நுனியால் லேசாகச் சுரண்டினேன். அடுத்த ஸ்டிக்கரில் ஒரு கோடு இரண்டு கோடாகிவிட்டது. இரண்டு நாளாக மனசே சரியில்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அம்மாபேட்டை, பிரிண்டர் சர்வீஸ்

அக்கா, முதலில் டார்க்னெஸைப் பழையபடி 8-க்குக் கொண்டு வந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஹெட்டில் வரிசையாகக் குட்டிக் குட்டிச் சூடேற்றிகள் இருக்கின்றன. 203 டிபிஐ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 8. அதில் ஒன்றின் மேல் தூசி படிந்தாலோ, அது செத்துப்போனாலோ, அந்த இடத்தில் மட்டும் ரிப்பன் மை உருகாது. ஸ்டிக்கர் நகர நகர அந்தப் புள்ளிதான் கோடாகத் தெரிகிறது. நீங்கள் சூட்டைக் கூட்டும்போது மற்ற புள்ளிகள் எல்லாம் கூடுதலாக வெந்ததுதான் மிச்சம். தேவைக்கு மேல் சூட்டில் ஓடும் ஹெட்டின் ஆயுள் வேகமாகக் குறையும்.

துடைப்பதற்கு ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) என்று கேட்டு வாங்குங்கள், எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கிடைக்கும். சானிடைசரில் கை காயாமல் இருக்க கிளிசரின் சேர்ப்பார்கள். அது ஹெட்டில் பிசுக்காக நின்று, காபித் தூசியை இன்னும் இழுத்துப் பிடிக்கும். பிரிண்டரை அணைத்து, ஹெட் ஆறும்வரை பொறுங்கள். நார் விடாத துணியில் ஐபிஏ தொட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே பக்கமாக இழுங்கள். கீழே இருக்கும் ரப்பர் ரோலரைக் கையால் உருட்டி உருட்டி அதையும் துடையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். ரோல் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

அப்புறம் ஒன்று அடித்துப் பாருங்கள். கோடு மறைந்தால், நகர்ந்தால், மெலிந்தால் அது அழுக்கு. அதே இடத்தில் அதே அகலத்தில் நின்றால் அந்தப் புள்ளி போய்விட்டது. சாய்வாக, கோணல் மாணலாக வெள்ளை விழுந்தால் அது ஹெட் கோளாறே இல்லை. ரிப்பன் சுருக்கம் விழுந்து ஓடுகிறது, கழற்றி இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும். ஒரு பக்கம் கருப்பாகவும் மறு பக்கம் மங்கலாகவும் வந்தால் ஹெட் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழுந்தவில்லை. அகல பிரிண்டரில் சின்ன ஸ்டிக்கர் போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். இதில் எதற்கும் சூடு மருந்து இல்லை.

பிளேடு, குண்டூசி, நகம் எதையும் இனி அதன் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசு மொத்த வியாபாரம்

என் கதை வேறு மாதிரி. வெள்ளிக் கொலுசுக்கு வால் டேக் அடிப்போம். உடம்புப் பகுதியில் எடையும் டிசைன் எண்ணும் இருக்கும், வாலைக் கொலுசில் சுற்றி ஒட்டுவோம். புது ரோல் போட்ட அன்று ஒரு டேக் அடித்தால் மூன்று டேக் வெறுமனே ஓடியது. சாஃப்ட்வேரில் அளவை மாற்றி மாற்றி அரை நாள் போனது, கால் ரோலும் போனது.

கடைசியில் பார்த்தால் கோளாறு சென்சாரில். இரண்டு டேக்குக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடியிலிருந்து ஒளி விட்டுப் பார்த்துத்தான் பிரிண்டர் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. எங்கள் சென்சார் வால் பகுதிக்கு நேராக இருந்தது. வாலுக்கு வால் இடைவெளி அகலம், உடம்புக்கு உடம்பு இடைவெளி சின்னது. பிரிண்டர் குழம்பத்தானே செய்யும். சென்சாரை உடம்புப் பகுதிக்கு நேராக நகர்த்தி வைத்து, புதிதாக அளவெடுக்க விட்டோம். எங்கள் மாடலில் ஃபீட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் நாலைந்து டேக்கைத் தானே தள்ளிப் பார்த்து நின்றுவிடும். மாடலுக்கு மாடல் இது மாறும், கூட வரும் தாளைப் பாருங்கள். ரோல் வகை மாறினால் இப்போது இதைத்தான் முதலில் செய்கிறோம். அதற்குப் பிறகு ஒரு டேக்கூட வீணாகவில்லை.

இன்னொன்று. ஆரம்பத்தில் மெழுகு ரிப்பன் போட்டிருந்தோம், விலை குறைவு என்பதால். டேக் பிளாஸ்டிக் வகை, மெழுகு மை அதில் பிடிக்கவில்லை. நாலு பேர் எடுத்துப் பார்த்தால் எடையே அழிந்துவிடும். எடை அழிந்த கொலுசை மறுபடி தராசில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் நன்றாகப் பிடிக்கும் ரெசின் (பிசின்) ரிப்பனுக்கு மாறினோம். அதற்கு மட்டும் சூடு கொஞ்சம் கூட்டத்தான் வேண்டியிருந்தது. அண்ணா, இது சரிதானே?

அம்மாபேட்டை, பிரிண்டர் சர்வீஸ்

சரிதான் தம்பி. ரெசின் மை உருகக் கூடுதல் சூடு வேண்டும். ஆனால் அதிலும் வேகத்தை முதலில் குறைத்துப் பார்க்க வேண்டும். நொடிக்கு நாலு இஞ்ச் வேகத்தை இரண்டு இஞ்ச் ஆக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். பிறகும் தேவைப்பட்டால் டார்க்னெஸை ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள்.

பொன்னம்மாபேட்டை, பட்டுச் சேலை ஆன்லைன் விற்பனை

எங்களுடையது ரிப்பன் இல்லாத வகை, 100-க்கு 150 மில்லிமீட்டர் பார்சல் ஸ்டிக்கர். காகிதத்தின் மேல் பூச்சே சூடு பட்டால் கருப்பாகும். சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட மாடி அறையில் பத்து ரோல் வைத்திருந்தோம். ஓரத்தில் கோந்து கசிந்து ரோலரில் பிடித்துக்கொண்டது, ஸ்டிக்கர் உள்ளேயே சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. எங்கள் அப்பா தறி நெய்தவர். சுற்றவில்லை என்றால் எண்ணெய் விடுவது அவர் கைப்பழக்கம், தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுவிட்டார். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி, ஸ்டிக்கரைப் பிடித்து இழுக்காமல் வழுக்கியது. ரோலரையே மாற்றினோம். பற்சக்கரம் பளபளவென்று தெரிந்தாலும் எண்ணெய் விட வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

தட்டுவடை, முறுக்கு போடுகிறவர்கள் கவனிக்க: இந்த வகை ஸ்டிக்கரில் எண்ணெய் பட்டால் எழுத்து மங்கிவிடும். எங்கள் சித்தி பாக்கெட்டில் தேதியே காணாமல் போனது. ஒன்று மேல்பூச்சு உள்ள ஸ்டிக்கர் வாங்க வேண்டும், இல்லையென்றால் ரிப்பன் வகைக்கு மாற வேண்டும்.

ஏற்காடு, காபிப்பொடி – மிளகு பாக்கெட்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஐபிஏ வாங்கி வந்து அண்ணா சொன்னபடியே துடைத்தேன். துணியில் காபி நிறத்தில் அவ்வளவு அழுக்கு. இரண்டு கோட்டில் ஒன்று மறைந்துவிட்டது. முதலில் வந்த கோடு தூசிதான் என்று இப்போது தெரிகிறது. நான் பிளேடு வைத்த இடத்தில் இருக்கும் கோடு அப்படியே இருக்கிறது. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. பிரிண்டரை இப்போது காபி அரைக்கும் அறையிலிருந்து எடுத்து முன்னறைக்கு மாற்றிவிட்டேன். மழையும் மூடுபனியும் ஆரம்பித்தால் இங்கே ரோல் நமத்துப் போகும், ஓரம் சுருளும். பிரித்த ரோலை ஜிப் கவரில் போட்டு வைக்கிறேன், அது நன்றாகவே உதவுகிறது.

புது ஹெட் விலை கேட்டேன், இந்த மாதம் முடியாது. அதுவரை எப்படிச் சமாளிப்பது?

அம்மாபேட்டை, பிரிண்டர் சர்வீஸ்

ஒரு புள்ளிதானே அக்கா, ஓட்டிவிடலாம். டிசைனில் எழுத்துகளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, அந்தக் கோடு வெற்றிடத்தில் விழும்படி பாருங்கள். பார்கோடை 90 டிகிரி திருப்பிவிடுங்கள். இப்போது உங்கள் பார்கோடின் கோடுகளும் வெள்ளைக் கோடும் ஒரே திசையில் ஓடுகின்றன, அதனால் ஒரு கோடு முழுதாகவே மெலிந்து ஸ்கேனர் தப்பாகப் படிக்கிறது. திருப்பினால் ஏணிப்படி மாதிரி நிற்கும். வெள்ளைக் கோடு எல்லாப் படியையும் ஒரே இடத்தில் குறுக்கே வெட்டும். அதற்கு மேலேயோ கீழேயோ ஸ்கேனர் படித்துக்கொள்ளும். ஏணியாக அடிக்கும்போது மட்டும் வேகத்தை இரண்டு இஞ்சுக்கு மேல் வைக்காதீர்கள், ஓரம் இழுபடும்.

புது ஹெட் வாங்கும்போது ஸ்டிக்கரைவிட ரிப்பன் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். குறைவாக இருந்தால் காகிதத்தின் ஓரம் நேராக ஹெட்டில் உரசித் தேய்த்துவிடும்.

ஏற்காடு, காபிப்பொடி – மிளகு பாக்கெட்

திருப்பி அடித்தேன், டார்க்னெஸ் 8-லேயே. இன்று காலை கடையில் இருபது பாக்கெட் வைத்து ஸ்கேன் செய்து பார்த்தார்கள், இருபதும் படித்தது. திரும்பி வந்த இரண்டு பெட்டிக்கும் புது ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசு மொத்த வியாபாரம்

சந்தோஷம் அக்கா. நாங்களும் ஐபிஏ ஒரு லிட்டர் வாங்கலாம் என்று இருக்கிறோம். பற்றவைக்கும் பட்டறையில்தான் பிரிண்டர் இருக்கிறது, அங்கேயே வைத்துக்கொள்ளலாமா?

அம்மாபேட்டை, பிரிண்டர் சர்வீஸ்

வேண்டாம் தம்பி. அது பெட்ரோல் மாதிரி சட்டென்று பிடிக்கும், ஆவியே போதும். ஊதுகுழல் எரியும் இடத்தில் பாட்டிலைத் திறக்கவே கூடாது. சின்ன பாட்டிலாக வாங்கி வேறு அறையில் வையுங்கள், துடைக்கும்போது பிரிண்டரையும் அங்கே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.