நீடித்த நிலைத்தன்மை படித்தபோது சந்தித்த மனிதர்கள்

சிங்கப்பூரின் சுவா சூ காங்கிலிருந்து:

பகலில் கட்டடப் பராமரிப்பு வேலை, மாலையில் முதுநிலை வகுப்பு என்று நீடித்த நிலைத்தன்மை, அதாவது சுற்றுச்சூழலும் வளங்களும் தீராமல் காத்து வாழ்வது பற்றிய படிப்பு, படித்தவள் நான். கட்டணம், பாடத்திட்டம் எல்லாம் பல்கலைக்கழகங்களே சொல்லிவிடும். எனக்கு அந்தப் படிப்பைப் புரியவைத்த ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குழுவுக்குக் கிடைத்த தலைப்பு வீட்டுக் குப்பையின் மறுசுழற்சி. எண்களைப் பார்த்ததுமே மனம் கனத்தது. 2024இல் சிங்கப்பூர் வீடுகளின் மறுசுழற்சி விகிதம் 11 விழுக்காடுதான். மறுசுழற்சிப் பொருளுக்கென்று வைத்திருக்கும் நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாமல் போகிறது. குழுவில் பேச்சு விழிப்புணர்வுச் சுவரொட்டி பக்கமே போய்க்கொண்டிருந்தது. பேராசிரியர் மட்டும், தொட்டியை அன்றாடம் பார்க்கிற யாரிடமாவது போய்ப் பேசுங்கள் என்றார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய பழைய அடுக்குமாடி புளோக்குகளில் துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அண்ணன், புதுக்கோட்டைக்காரர், காலை வேலை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் பேச ஒப்புக்கொண்டார்.

"இங்க பாரும்மா, இந்த புளோக்குல குப்பைய அவங்கவங்க சமையக்கட்டுலயே குழாய்ல தள்ளிடலாம். காகிதம், போத்தல்னா மட்டும் லிஃப்ட் பிடிச்சு கீழ வரணும். முட்டி வலிக்கிற வயசானவங்க எங்க வருவாங்க? ராத்திரி இந்தப் பக்கமா போறவன் மிச்சச் சாப்பாட்டுப் பொட்டலத்த இந்த நீலத் தொட்டில வீசிட்டுப் போறான். ஒரு பொட்டலம் போதும், அடியில இருக்கிற காகிதம் முச்சூடும் போச்சு."

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். நல்ல அட்டைப்பெட்டி இந்தத் தொட்டிக்கு வருவதே குறைவாம். விடியும் முன்பே தள்ளுவண்டியோடு வரும் சீனப் பாட்டி ஒருவர் எடுத்துக்கொண்டு போய் எடைக்குப் போட்டுவிடுவார். பழைய செய்தித்தாளும் தகரமும் வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரரிடம் போய்விடும். நாங்கள் வரைந்து வைத்திருந்த பொருளோட்டப் படத்தில் வீடு, தொட்டி, லாரி, ஆலை என்று அம்புக்குறிகள் இருந்தன. பாட்டிக்கும் காராங் குனிக்கும் அதில் இடமே இல்லை. அன்று இரவே படத்தைப் புதிதாக வரைந்தோம். கணக்கு எந்த இடத்தில் தொடங்குகிறது, யாரை வெளியே விடுகிறது என்று பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி எனக்கு உறைத்தது அப்போதுதான்.

2014க்குப் பின் திட்டமிட்ட புது வீவக புளோக்குகளில் மாடியிலேயே மறுசுழற்சிக்குத் தனிக் குழாய் உண்டு. நாங்கள் அறிக்கையில் அழுத்திச் சொன்னது பழைய புளோக்குகளைப் பற்றித்தான். சுவரொட்டி ஒட்டினால் மட்டும் முட்டி வலி தீராது.

அதே பருவத்தில் செமாக்காவ் தீவுக்கும் அழைத்துப்போனார்கள். 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை அணை கட்டிக் கடலை மறித்து 1999இல் திறந்த இடம் அது. நாட்டில் இப்போது இருக்கும் ஒரே குப்பைநிரப்பு நிலம். பெரும்பாலும் சாம்பல்தான் வருவதால் நாற்றமே இல்லை, ஓரத்தில் அலையாத்தி மரங்கள் பச்சையாக நிற்கின்றன. எரித்தால் குப்பையின் பருமன் பத்தில் ஒன்றாகிவிடும். அப்படியிருந்தும் 2035 வாக்கில் இடம் நிரம்பிவிடும் என்பது அரசின் மதிப்பீடு. அங்கே நின்றபோது எனக்கு அந்த அண்ணன்தான் நினைவுக்கு வந்தார்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு என் வகுப்புத் தோழி நினைவு வந்துவிட்டது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து முழுநேரம் படிக்க வந்தவன். அவர் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள ரியாவ் மாநிலத்துக்காரர்.

ஒருநாள் வகுப்பில், அங்கே எரியும் தீயிலிருந்து சிங்கப்பூர் வரை வரும் புகைமூட்டம் பற்றிப் பேச்சு வந்தது. 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்றுமாசுக் குறியீடு 401ஐத் தொட்டதையும், அடுத்த ஆண்டு வந்த எல்லை தாண்டிய புகைமூட்டச் சட்டத்தையும் உள்ளூர் நண்பர்கள் விவரித்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வருவது காற்றில் கலைந்து வரும் மிச்சம்தான், நாங்கள் அதற்குள்ளேயே இருந்தோம்" என்றார். வகுப்பு அமைதியாகிவிட்டது.

பிறகு உணவங்காடியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். அங்கே மண் வெறும் மண் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் சேர்ந்த தாவரச் சதுப்பு. செம்பனைக்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் அதில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்கிறார்கள். நீர்மட்டம் இறங்கினால் சதுப்பு காய்ந்துவிடும். அப்புறம் தீ பிடித்தால் நிலத்துக்கு அடியிலேயே வாரக்கணக்கில் புகையும். பக்கத்துத் தோட்டம் வெட்டிய கால்வாயால் அவருடைய மாமாவின் ரப்பர்த் தோட்டத்திலும் தண்ணீர் இறங்கிவிட்டதாம்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. எங்கள் வயல் காவிரியின் கடைமடையில் இருக்கிறது. மேலே மடையைத் திறப்பதும் மூடுவதும் எப்போதும் வேறு யாரோதான். அதை அவரிடம் சொன்னேன். இருவரும் சேர்ந்து பருவக் கட்டுரையைக் கால்வாய்களை மறித்துச் சதுப்பை மறுபடி நனைப்பது பற்றி எழுதினோம். 2015இன் பெருந்தீக்குப் பிறகு, 2016 தொடக்கத்தில், இந்தோனேசியா இதற்கென்றே ஓர் அமைப்பை உருவாக்கியது. எந்தக் கால்வாயை மறிப்பது, யார் பயிர் மூழ்கும் என்று ஊரோடு உட்கார்ந்து பேசுவதுதான் கடினமான பகுதி என்று அவர் அடிக்கடி சொல்வார். வகுப்பில் வேறு யாரும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

செங்காங்கிலிருந்து:

இந்தப் படிப்பு வேலைக்கு உதவுமா என்றால், உதவும். பெரிய ஆலைகள் வெளியேற்றும் பசுங்குடில் வாயுவுக்கான கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கி, 2024இல் 25 ஆகி, 2026இல் 45 வெள்ளிக்கு வந்திருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2025 நிதியாண்டிலிருந்து தங்கள் நேரடி வெளியேற்றத்தையும் வாங்கும் மின்சாரத்தின் வெளியேற்றத்தையும் அறிவித்தாக வேண்டும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த ஆட்களுக்குத் தேவை இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கை எனக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்தவர், ஆய்வேட்டுக்காக நான் போன ஒரு கட்டடத்தின் குளிரூட்டி தொழில்நுட்பர். ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த தமிழர். மின்கட்டணச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.4 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று பெருக்கிக்கொண்டிருந்தேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டி, "தம்பி, கேஸ் ரொப்புனத யாரு எழுதுவா?" என்றார். எந்த எந்திரத்தில் எந்த மாதம் எத்தனை கிலோ குளிர்வாயு ஊற்றினார் என்று கைப்பட எழுதி வைத்திருந்தார். ஆர்-410ஏ என்ற குளிர்வாயு ஒரு கிலோ கசிந்தால் அது கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 2,000 கிலோவுக்குச் சமம். அலுவலகக் கோப்பு எதிலும் அந்த எண்கள் இல்லை. அவர் அனுமதியோடு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஆய்வேட்டின் நன்றியுரையில் மேற்பார்வையாளருக்கு அடுத்து அவருக்கு நன்றி சொன்னேன்.

சேர நினைப்பவர்கள் அறிமுக நாளில் களப்பணிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பகுதிநேரம் என்றால், களப்பயணங்கள் பெரும்பாலும் பகலில்தான் நடக்கும். அதற்கு விடுப்பு கிடைக்குமா என்று அலுவலகத்தில் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.