புல்லட் நாலு கியர் பாக்ஸ்: இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நழுவுகிறது, யோசனை சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, செங்கோட்டை வண்டி ஒன்று. பழைய புல்லட் 350, வலது கால் கியர், ஆல்பியன் கியர் பெட்டி. ஆரியங்காவு ஏற்றத்தில் இரண்டிலிருந்து மூன்று போட்டால் பொய் நியூட்ரல், எந்தக் கியரும் விழாமல் எஞ்சின் சும்மா சுற்றுகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் இரண்டாவது கியர் தானே கழன்றுவிடுகிறது.

வெளி மூடியைக் கழற்றி, கியர் விழும் இடத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் பிளேட்டின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாச்சு. பொய் நியூட்ரல் குறைந்தது, கழல்வது நிற்கவில்லை. அப்போ கோளாறு உள்ளேதான். கிளட்சை இறக்கி மெயின் ஷாஃப்டை உருவினால், இரண்டாவது கியரின் டாக் (பக்கத்துக் கியரோடு கோத்துப் பிடிக்கும் பல்) முனைகள் உருண்டு மழுங்கியிருக்கு. கியரை நகர்த்தும் ஃபோர்க்கும் ஒரு பக்கம் தேய்ந்திருக்கு. டாக்கை வெல்டு வைத்து உரசலாம் என்கிறார் ஒருவர். சூட்டில் பல்லின் கடினம் போய்விடும், அது வேண்டாம்.

கேள்வி இதுதான். செயின் ஸ்ப்ராக்கெட் ஏறும், மெயின் ஷாஃப்ட் உள்ளே சுற்றும் ஸ்லீவ் கியரின் வெண்கல புஷ்ஷும் ஆடுகிறது. புது புஷ் அழுத்தி ஏற்றினால் உள்துளை சுருங்கும், ரீமர் (துளையை அளவாகச் சீவும் கருவி) போட்டே ஆகணும். ஷாஃப்டுக்கு எவ்வளவு இடைவெளி விடுறீங்க? இறுக்கமாக விட்டால் ஆயில் போகாமல் பிடித்துக்கொள்ளும். நாலாவதில் ஷாஃப்டும் ஸ்லீவும் சேர்ந்தே சுற்றுவதால் தெரியாது. கீழ் கியருக்கு வந்ததும் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றணும், பிடித்திருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மலைப்பாதையில் அது உயிர்ப் பிரச்சினை.

தென்காசியிலோ புனலூரிலோ இதை அளந்து ரீமர் போடும் லேத் இருக்கா? பழைய ஒரிஜினல் ஃபோர்க்கும் இரண்டாவது கியர் ஜோடியும் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்க. ஒற்றைப் பல்சக்கரம் மட்டும் வேண்டாம், ஜோடியாகத்தான்.