இவர் இல்லாமல் கரவன் எடுத்துக்கொண்டு போகலாமோ?

இடப்பக்கசீற்:

வணக்கம். கனகாலமா இங்க வாசிச்சுப்போட்டுப் போறனான், எழுதுறது இதுதான் முதல் தரம். மெல்பர்ன்ல இருக்கிறன், வயசு 63. இவரும் நானும் 2014ல காருக்குப் பின்னால கொழுவி இழுக்கிற 16 அடி கரவன், சில்லு வைச்ச சின்ன வீடு மாதிரி, ஒண்டு வாங்கினனாங்கள், பிள்ளையள் வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு லீவு எண்டால் அதுக்குள்ளதான். லேக்ஸ் என்ட்ரன்ஸ், எச்சூக்கா, கிராம்பியன்ஸ், ஒருக்கா நல்லபோர் வெட்டவெளி தாண்டி பேர்த் வரைக்கும் போய் வந்தனாங்கள். 2023 மார்ச்சில இவர் போயிட்டார், ஹார்ட் அட்டாக். அண்டைக்கு நிண்ட இடத்திலதான் கரவன் இண்டைக்கும் தார்ப்பாயைப் போத்திக்கொண்டு நிக்குது.

மகன் வித்துப்போடுங்கோ எண்டுறான். மகள் "தனியவோ அம்மா?" எண்டு கேட்டிட்டு மேல ஒண்டும் சொல்லமாட்டாள். ஆட்டத்திவசத்துக்கு வந்த ஒரு மாமி நான் கரவன் கதை எடுத்த உடன முகத்தைத் திருப்பினவ, புருசன் இல்லாதவள் ஊர் சுத்தப்போறாளாம்.

உண்மையச் சொன்னா நான் ஒருநாளும் அதைக் கொழுவி ஓடினதில்லை. என்ர வேலை மப் பாக்கிறது, சமைக்கிறது, பிறகு கரவன் நிப்பாட்டுற பார்க்கில ரிவேர்ஸ் எடுக்கேக்க பின்னால நிண்டு "வாங்கோ வாங்கோ வாங்கோ, ஐயோ நில்லுங்கோ" எண்டு கத்துறது. நான் கத்த அவர் திருப்பிக் கத்த, பக்கத்தில இருக்கிற வெள்ளையள் கதிரையப் போட்டுக்கொண்டு பாப்பினம்.

ஏன் இப்ப கேக்கிறன் எண்டால், 2022 ஓகஸ்டில மவுண்ட் கேம்பியர் போனனாங்கள். பேர் நீல ஏரி, போய்ப் பாத்தா சாம்பல் நிறம். குளிர்காலத்தில அப்பிடித்தானாம், டிசம்பர்ல இருந்து மார்ச் மட்டும்தான் அந்தக் கடும் நீலம் வரும். 430 கிலோமீற்றர் ஓடி வந்தது இதுக்கோ எண்டு இவர் ஏரியோட கோவிச்சுக்கொண்டு நிண்டவர். சரி டிசம்பர்ல ஒருக்கா வருவம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனாங்கள். அதோட சரி.

இந்த வயசில தனிய ஓடப் பழகலாமோ? இவ்வளவு காலம் நிண்ட கரவன்ல என்னென்ன பாக்கவேணும்? இன்னொண்டு, கேக்க வெக்கமா இருக்கு, அந்தக் கட்டில்ல எப்பிடிப் படுக்கிறது?

திருச்சிக்காரன்:

அக்கா, சிட்னில இருந்து எழுதுறேன். கேரவன்னா ஊர்ல எங்கம்மா இன்னும் ஷூட்டிங்ல ஹீரோ உக்காருற வண்டின்னுதான் நினைச்சுட்டு இருக்காங்க, அதை விடுங்க. கண்டிப்பா ஓட்டலாம், கார் லைசென்ஸே போதும், ஆனா கேரவனை இழுத்து ஓட்டக் கத்துத்தர்ற டோயிங் க்ளாஸ் ஒருநாள் போயிடுங்க, பசங்ககிட்ட கத்துக்காதீங்க, சண்டைதான் வரும்.

முதல்ல டயர். பட்டன் தேயாம புதுசு மாதிரியே இருக்கும், ஏமாந்துடாதீங்க, ரப்பர் நின்ன இடத்துலயே கெட்டுப்போகும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2317னா 2017ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஏழு வருஷம் தாண்டியிருந்தா யோசிக்காம மாத்துங்க. வீல் பேரிங்குக்கு புது க்ரீஸ், எலக்ட்ரிக் ப்ரேக், பேட்டரி இதெல்லாம் ஒரு ஆளை வீட்டுக்கே வரச்சொல்லிப் பாத்துடலாம், காலியா கிடந்த பேட்டரி அனேகமா செத்திருக்கும். கேஸ் சிலிண்டர் மேல தேதி அடிச்சிருக்கும், பத்து வருஷம் ஆயிடுச்சுன்னா ரொப்பித் தரமாட்டான். அப்புறம் ரெஜோவும் (வண்டிப் பதிவு) இன்ஷூரன்ஸும் இன்னும் அவர் பேர்லயே இருந்தா மாத்திட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்கணும்.

ரிவர்ஸுக்கு ஒரே சூட்சுமம், ஸ்டீயரிங்கை அடியில பிடிங்க, கேரவன் பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்க, அவ்ளோதான். அதுவும் வேணாம்னா புக் பண்ணும்போதே ட்ரைவ் த்ரூ சைட் கேளுங்க, முன்னால நுழைஞ்சு முன்னாலயே வெளிய வந்துடலாம், யாரும் கத்தவேண்டாம்.

பழையபடகு:

தம்பி உற்சாகம் குடுக்கிறார், நான் மாறிச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. மனுசி போன பிறகு நானும் ஒரு வருசம் இழுத்துப் பாத்தனான். ஓடுறது பிரச்சினையில்லை, மழையில ஆறு மணிக்குத் தனிய நிண்டு கரவன்ர முட்டுக்கால் இறக்கி, வோட்டர் ஹோஸ் கொழுவி, உள்ள வந்தா கதைக்க ஆளில்லை. வித்துப்போட்டன். இப்ப கார்ல போய் அதே பார்க்கில கேபின், வாடகைக்கு விடுற சின்ன வீடு, எடுக்கிறன், ஏரி கேபின்ல இருந்து பாத்தாலும் ஏரிதான்.

ஒற்றைச்சக்கரம்:

தங்கச்சி, அடிலெய்ட்ல இருந்து. என்ர அவர் போய் ஆறு வருசம், நாலு வருசமா நான் தனியத்தான் இழுக்கிறன். மேல எழுதின அண்ணை சொல்லுறது பொய்யில்லை, அந்த ஆறு மணி எனக்கும் தெரியும். ஆனா காலமை ஆறு மணியும் ஒண்டு இருக்கு, தேத்தண்ணியோட படியில இருந்தா நாயோட நடக்கிற சனம் எல்லாம் கதைச்சிட்டுத்தான் போகும்.

ஒருத்தரும் சொல்லாத ஒண்டு சொல்லுறன். கரவன் முன் பெட்டிக்குள்ள அவற்ற ஸ்பானர், சுத்தியல் எல்லாம் இருக்குமே, அதைக் காணச் சகிக்காம நான் முழுக்கத் தூக்கி மகனிட்டக் குடுத்திட்டன். முதல் பயணம் ஹைவேயில 90ல போறன், கரவன் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கிட்டுது. கரவன்ர மொத்தப் பாரத்தில பத்தில ஒரு பங்கு கார்க் கொளுக்கியில இருக்கவேணுமாம், நான் முன்னால இருந்த இரும்பை எல்லாம் எடுத்துப்போட்டு பின் கபேட்டில அரிசியும் தண்ணிப் போத்தலும் அடுக்கி வைச்சிருக்கிறன். அவர் அதுக்குத்தான் அங்க வைச்சவர் எண்டு அப்பதான் விளங்கினது. எடுக்கிறதெண்டால் எடுங்கோ, ஆனா பிறகு கொளுக்கிப் பாரத்தை நிறுத்துப் பாருங்கோ. ஆடினா காரின்ர பிரேக்கை அமத்தக் கூடாது, அக்சிலேற்றரில இருந்து காலை மெல்ல எடுத்து, காருக்குள்ள இருக்கிற கரவன் பிரேக் பட்டனை மட்டும் கையால அழுத்துங்கோ. யூஎச்எஃப் ரேடியோவும் வைச்சிருங்கோ, 40ஆம் சனல்ல லொறிக்காரர் கதைக்கிறது கேட்டுக்கொண்டு போனா தனிய எண்டு தெரியாது, தூசணம் கொஞ்சம் வரும்.

முதல் பயணமே ஏரிக்குப் போகாதேங்கோ. வீட்டில இருந்து அரை மணித்தியாலத்தில ஒரு பார்க் எடுங்கோ, நடுச்சாமம் ஏலாட்டி கரவனை விட்டிட்டு வீட்டை வந்து படுக்கலாம். நான் வந்தனான்.

கட்டில் விசயம். நான் அவற்ற பக்கத்தில படுத்தன். என்ர பக்கத்தில படுத்தா மற்றப் பக்கம் வெறுமையாக் கிடக்கும், அவற்ற பக்கத்தில படுத்தா நான்தான் எழும்பிப் போயிருக்கிறன் எண்ட மாதிரி இருக்கும்.

இடப்பக்கசீற்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணை, நீங்கள் சொன்னதையும் யோசிச்சனான், கேபின் கடைசி வழியா இருக்கட்டும்.

நேற்று தார்ப்பாயை இழுத்துப்போட்டு ரயர் பாத்தன். வலப்பக்கம் 3519. இடப்பக்கம் 0914. ரெண்டும் மாத்தியாச்சு எண்டு என்னட்டச் சொன்ன மனுசன்! என்ர பக்கத்து ரயர் பழசு, அதோடயே நல்லபோர் முழுக்க ஓடியிருக்கிறார், நான் முறுக்குக் கடிச்சுக்கொண்டு மப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன். கார்போர்ட்டில நிண்டு நல்லாப் பேசிப்போட்டன், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால எட்டிப் பாத்தவ.

செவ்வாய்க்கிழமை ரயர்க்காரன் வாறான். ரெண்டும் மாத்தச் சொல்லியிருக்கு, பக்கத்தில நிண்டு பாப்பன்.